வேலை விளம்பரத்திலிருந்து தொடங்குங்கள்: பொறியியல் மாணவர்களுக்கான தயாரிப்பு வழிகாட்டி

பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் வேலைத் தயாரிப்பை ரெஸ்யூமே எழுதுவதில்தான் தொடங்குகிறார்கள். அதற்குள் கடைசி ஆண்டு வந்துவிடுகிறது. அதில் எழுத என்ன இருக்கிறது என்று தேடுவதிலேயே மாதங்கள் ஓடிவிடும். முதலில் எடுக்க வேண்டியது வேலை விளம்பரம். இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு சனி, ஞாயிறை இதற்கு ஒதுக்கினால் போதும்.

இரண்டு பணிப்பெயர்களைத் தேர்ந்தெடுங்கள். 'ஐடி வேலை', 'கோர் கம்பெனி வேலை' என்பதெல்லாம் பணிப்பெயர் ஆகாது. எம்பெடட் மென்பொருள் பொறியாளர், கட்டமைப்பு வடிவமைப்பாளர், டேட்டா என்ஜினியர் என்று குறிப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும், புதிதாகப் படிப்பை முடித்தவர்களைக் கேட்கும் விளம்பரங்கள் 20 திரட்டுங்கள். ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் திறன்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை விளம்பரங்களில் வருகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் வருவது கட்டாயம். ஐந்தாறில் வருவது அடுத்த கட்டம். ஒன்றிரண்டில் மட்டும் தலைகாட்டுவதை இப்போதைக்கு விட்டுவிடலாம். இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான், விளம்பரங்கள் சி மொழியையும் ஆஸிலோஸ்கோப்பையும் கேட்டுக்கொண்டிருக்க, யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று வெப் டெவலப்மென்ட் கோர்ஸில் ஆறு மாதம் செலவிடுகிறார்கள்.

கேட்கும் திறன்களில் பாதிக்கு மேல் உங்களிடம் இருந்தால் விண்ணப்பியுங்கள். விளம்பரம் எழுதுபவர் தன் ஆசைகளையெல்லாம் சேர்த்துத்தான் எழுதுகிறார். ஆனால் உரிமம், குறிப்பிட்ட பட்டம், பணி அனுமதி போன்றவை 'கட்டாயம்' என்று இருந்தால் அது கட்டாயம்தான்.

ஒரு ப்ராஜெக்ட், அடிவரை

பட்டியல் கையில் இருந்தால், அதன் முதல் நான்கைந்து திறன்கள் சேர்ந்து வரும்படி ஒரு ப்ராஜெக்ட் செய்யலாம். பத்துச் சான்றிதழ்களைவிட இது மேல். சான்றிதழ் நீங்கள் வகுப்பை முடித்ததைத்தான் காட்டும். ப்ராஜெக்டைப் பற்றி உங்களை அரை மணி நேரம் குடையலாம். இன்டர்வியூ எடுப்பவருக்குத் தேவை அந்த அரை மணி நேரம்தான்.

அடிவரை என்றால் எவ்வளவு ஆழம்? சாதாரண வெப்பநிலைப் பதிவுக்கருவியையே எடுத்துக்கொள்வோம்: ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று, எல்எம்35 என்ற வெப்பநிலை சென்சார் ஒன்று. திரையில் எண் வந்ததும் பலரும் ப்ராஜெக்ட் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கேள்விகள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வாசிப்பு ஏன் அரை டிகிரி அரை டிகிரியாகத் தாவுகிறது? மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதிக்கு ஏடிசி என்று பெயர். இந்த ஊனோவின் ஏடிசி 10 பிட். 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரித்தால் ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருகிறது. ஆக, ஒரு படி என்பது கிட்டத்தட்ட அரை டிகிரி.

இதை எப்படிக் குறைப்பீர்கள்? ஏடிசி முழு அளவாக எடுத்துக்கொள்ளும் குறிப்பு மின்னழுத்தத்தை, 5 வோல்ட்டிலிருந்து சிப்புக்கு உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டுக்கு மாற்றினால் ஒரு படி சுமார் 0.1 டிகிரிக்கு வந்துவிடும். அதற்கு விலை என்ன? 110 டிகிரிக்கு மேல் அளக்க முடியாது. அந்த 1.1 வோல்ட்டும் சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறக்கூடியது என்பதால், அளந்து திருத்தாவிட்டால் வாசிப்பு நுணுக்கமாக இருந்தும் தவறாக இருக்கும். நுணுக்கமும் துல்லியமும் வேறு வேறு என்று இப்படிச் சொந்தக் கருவியை வைத்துச் சொல்லத் தெரிந்த மாணவரை யாரும் எளிதில் ஒதுக்க மாட்டார்கள். செலவு அதிகமான பாகங்களோ புதுமையான யோசனையோ இதற்குத் தேவைப்படவில்லை.

மற்றத் துறைகளிலும் இதே கதைதான். கட்டமைப்பு மென்பொருளில் உத்திரத்தின் வளைவைக் கணக்கிட்டால், கையாலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரு முனையிலும் வெறுமனே தாங்கப்பட்டு நடுவில் சுமை உள்ள உத்திரத்தின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் நடு வளைவு எட்டு மடங்காகும். மென்பொருள் நான்கு மடங்கு என்று காட்டினால் உள்ளீட்டில் எங்கோ பிழை. மென்பொருள் மாணவர் என்றால், வரிசைப்படுத்திய பத்து லட்சம் பதிவுகளில், ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கித் தேடும் பைனரி தேடல் 20 ஒப்பீடுகளுக்குள் முடிவது ஏன் என்பதோடு நின்றுவிடக் கூடாது. தன் தரவை வரிசையிலேயே வைத்திருக்க ஆகும் செலவு என்ன என்பதற்கும் பதில் வேண்டும்.

ப்ராஜெக்ட் நடக்கும்போதே ஒரு நோட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒரு பக்கம்: என்ன செய்தோம், எது வேலை செய்யவில்லை, காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த எண்கள். முன் எண்ணைக் குறிக்கத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது இல்லாமல் முன்னேற்றத்தை நிரூபிக்க முடியாது.

ப்ராஜெக்டில் நிரல் (கோட்) இருந்தால், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடுங்கள். கூடவே வைக்கும் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் இது என்ன, எப்படி ஓட்டுவது, இன்னும் என்ன சரியாகவில்லை என்ற மூன்றும் இருந்தால் போதும். கடவுச்சொல்லோ, வேறொரு சேவையை நிரல் பயன்படுத்தத் தேவைப்படும் ரகசிய ஏபிஐ சாவியோ தவறி ஏறிவிட்டால், அந்த வரியை அழித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். முன்பு சேமித்த பதிப்பில் (கமிட்) அது அப்படியே இருக்கும். அந்தச் சாவியையே ரத்து செய்து புதிது எடுக்க வேண்டும்.

ரெஸ்யூமே

ஒரு பக்கம், ஒற்றை நெடுவரிசை, பிடிஎஃப். இரு நெடுவரிசை அலங்கார டெம்ப்ளேட்டுகள் கண்ணுக்கு அழகாக இருக்கும். பல நிறுவனங்களில் முதலில் படிப்பது மென்பொருள் என்பதால் அதற்கு வரிகள் குழம்பிப்போகலாம். சோதிப்பது எளிது: பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிசை கலைந்திருந்தாலோ எழுத்து காணாமல் போயிருந்தாலோ டெம்ப்ளேட்டை மாற்றுங்கள். பைதானுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் என்ற படங்களை எடுத்துவிடுங்கள். அந்த நான்கு எதில் நான்கு என்று யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு வரியிலும் செய்தது, செய்த விதம், விளைவு மூன்றும் வர வேண்டும். 'ஆர்டுயினோ கொண்டு வெப்பநிலைக் கருவி செய்தேன்' என்பது வெறும் தலைப்பு. 'எல்எம்35, ஆர்டுயினோ ஊனோ கொண்டு வெப்பநிலைப் பதிவுக்கருவி வடிவமைத்தேன். குறிப்பு மின்னழுத்தத்தை 1.1 வோல்ட்டுக்கு மாற்றி, வாசிப்புப் படியை 0.5 டிகிரியிலிருந்து 0.1 ஆகக் குறைத்தேன்' என்பதுதான் ரெஸ்யூமே வரி. இந்த வரியைப் படிப்பவர் அடுத்து என்ன கேட்பார் என்பதும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். கேள்வியை நீங்களே எழுதிக் கொடுத்ததுபோல ஆகிவிடுகிறது.

தெரியாததை எழுதாதீர்கள். ஒரு பயிற்சி வகுப்பில் ஒரே நாள் திறந்த மேட்லேப் 'திறன்கள்' பட்டியலில் இருந்தால், முதல் கேள்வி அதிலிருந்தே வந்து விழும்.

இன்டர்வியூ

கோடிங் தேர்வுக்கு நாளுக்கு இரண்டு கணக்கு, மூன்று மாதம் என்பது தாங்கக்கூடிய வேகம். நாளுக்குப் பத்து என்று ஆரம்பிப்பவர்கள் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரம் முட்டிப் பார்த்தும் வரவில்லை என்றால் விடையைப் பாருங்கள். ஆனால் அதே கணக்கை மூன்று நாள் கழித்தும், பத்து நாள் கழித்தும் விடை பார்க்காமல் போட வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்கு, 'இதைப் பார்த்திருக்கிறேனே' என்ற உணர்வு மட்டும்தான் மிஞ்சும்.

இன்டர்வியூவில் கோடிங் கேள்வி வந்தவுடன் எழுத ஆரம்பிப்பது பெரிய தவறு. உள்ளீடு எவ்வளவு பெரியது, ஒரே எண் திரும்ப வரலாமா, காலியாக இருக்கலாமா என்று முதலில் கேளுங்கள். பிறகு எளிய, மெதுவான வழியைச் சொல்லிவிட்டு, அதை எப்படி வேகப்படுத்தலாம் என்று வாய்விட்டு யோசியுங்கள். மௌனமாகப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால், உங்கள் தலைக்குள் சரியான யோசனை ஓடினாலும் எதிரே இருப்பவரால் மதிப்பெண் போட முடியாது. முடித்ததும் காலி உள்ளீடு, ஒரே உறுப்பு, எல்லாம் ஒரே எண் என்ற மூன்றையும் கையால் ஓட்டிக் காட்டுங்கள்.

'குழுவில் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்' போன்ற கேள்விகளுக்குச் சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, முடிவு என்ற வரிசையில் இரண்டு நிமிடத்துக்குள் பதில் சொல்லப் பழகுங்கள். முதல் இரண்டுக்கும் அரை நிமிடம் போதும். நால்வர் சேர்ந்த ப்ராஜெக்டில் எல்லா வாக்கியமும் 'நாங்கள்' என்று இருந்தால், 'அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்' என்ற கேள்வி நிச்சயம். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். கூடவே, 'இதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் இதை அளப்பேன்' என்று ஒரு வரி சேருங்கள்.

விண்ணப்பக் கணக்கு

நிறுவனம், பணி, அனுப்பிய தேதி, அனுப்பிய ரெஸ்யூமே பதிப்பு, எந்தச் சுற்றில் நின்றது: இந்த ஐந்தையும் ஒரு ஷீட்டில் குறித்து வாருங்கள். முப்பது விண்ணப்பம் தாண்டியதும் எங்கே ஓட்டை என்று அதுவே காட்டும். அழைப்பே வரவில்லை என்றால் ரெஸ்யூமேயிலோ தேர்ந்தெடுக்கும் பணிகளிலோ கோளாறு. எழுத்துத் தேர்வில் நின்றால் பயிற்சி போதவில்லை. கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பினால் விளக்கிப் பேசுவதில் குறை. நண்பரை எதிரே உட்கார வைத்து, பதிலைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். அழைப்பே வராதவர் இன்னும் நூறு கோடிங் கணக்கு போட்டு எந்தப் பயனும் இல்லை.

பரிந்துரைக் கடிதம் வேண்டுமானால் பேராசிரியரை மூன்று வாரம் முன்பே கேளுங்கள். ரெஸ்யூமேயையும், அவர் பாடத்தில் நீங்கள் செய்ததைப் பற்றிய ஐந்து வரியையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆஃபர் வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் மாதாமாதம் உறுதியாகக் கைக்கு வருவது எவ்வளவு, செயல்திறனைப் பொறுத்தது எவ்வளவு, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, இடையில் போனால் பணம் கட்டச் சொல்லும் பாண்ட் உண்டா என்று பாருங்கள். வாய்மொழியாகச் சொன்னது கடிதத்தில் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று வேலை தருபவரே உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.