முட்டு வீங்கிருச்சுன்னா ஹோமியோ மாத்திரைய எப்படி எடுக்கணும், எப்ப எடுக்கக் கூடாது

கடைக் கல்லாவுல வலது முழங்கைய ஊனிக்கிட்டே இருபது வருசமா உக்காந்திருக்கவன் நான். போன சாரல் சீசன்ல முழங்கை முனையில கோழிமுட்ட சைசுக்கு ஒரு வீக்கம் தொங்க ஆரம்பிச்சிட்டு, அமுக்கினா தண்ணிப்பை மாதிரி குழுகுழுன்னு இருக்கு, வலி அவ்வளவா இல்ல. பக்கத்துக் கடை அண்ணாச்சி பாத்துட்டு "எலே ஹோமியோல போய்க் காட்டு, சைடு எஃபெக்டே கிடையாது"ன்னாவ. போனேன். அதுக்கு முன்னால பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலயும் காட்டினேன், ரெண்டு எடத்துலயும் கேட்டத சேத்து எழுதுதேன்.

மொதல்ல வலி எங்கன இருக்குன்னு பாருங்க. மூட்டுக்குள்ள கோளாறுன்னா மடக்கினாலும் நீட்டினாலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் வலிக்கும். எனக்கு வந்த பர்சைட்டிஸ், அதாவது நீர்ப்பை வீக்கம், அப்படி இல்ல. எலும்புக்கும் தோலுக்கும் நடுவுல, எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவுல, உரசாம இருக்கதுக்கு பர்சான்னு சின்னச் சின்ன நீர்ப்பை இருக்கு, அதுல ஒண்ணு வீங்கிருச்சுன்னா அந்த ஒரு எடத்த அமுக்கினா மட்டும் சுள்ளுன்னு இருக்கும், மூட்டு ஓரளவு நல்லாவே அசையும். முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டுறவங்களுக்கு முட்டுச்சில்லு மேல வரும். தலை சீவ கையத் தூக்க முடியலன்னா தோள்பட்டையில இருக்கலாம். ஒருக்களிச்சுப் படுக்க முடியலன்னா இடுப்போரத்துல. பத்தமடையில பாய் நெய்யிறவங்க, பீடித்தட்ட மடியில வச்சுக்கிட்டு நாள் பூரா தரையில உக்காந்து சுத்துத பொம்பளையாளுங்க, இவங்களுக்கு உக்காருற எலும்புக்கு அடியில வரும், இங்கிலீஷ்காரன் இதுக்கு நெசவாளி பேரையே வச்சிருக்கான், அவ்வளவு பழைய தொழில் வியாதி.

இப்ப ஹோமியோவுக்கு வாரேன். 1796-ல ஜெர்மனியில ஹானிமன்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சு வச்சது. நல்லா இருக்கவனுக்கு எது ஒரு தொந்தரவ உண்டாக்குதோ, அதையே கரைச்சுக் கரைச்சுக் குடுத்தா அதே மாதிரி தொந்தரவு போகும்ங்கிறது அவங்க கணக்கு. அதனால வியாதி பேர விட "எப்ப கூடுது, எப்ப கொறையுது"ன்னுதான் தோண்டித் தோண்டிக் கேக்காவ. காலையில எந்திரிச்ச ஒடன பிடிச்சுக்கிட்டு, நடக்க நடக்க இளகுது, மழைச் சாரல் ஈரத்துல கூடுதுன்னா ரஸ்டாக்ஸ். அசைஞ்சாலே உயிர் போகுது, அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு சும்மா கெடந்தா தேவலைன்னா பிரையோனியா. அடிபட்ட கன்றலுக்கு ஆர்னிகா. தசைநார் எலும்புல ஒட்டுற எடத்துல நோவுன்னா ரூட்டா. செவந்து வீங்கி எரியுது, குளிர்ச்சியா வச்சா சுகம்னா ஏபிஸ்.

போறதுக்கு முன்னால ஒரு நாலு நாளு நோட்டுல எழுதிட்டுப் போங்க, எத்தன மணிக்கு வலி, என்ன வேலை செஞ்சோம், எதுல கொறஞ்சிது, காய்ச்சல் உண்டா. ஹோமியோவோ அலோபதியோ எந்த டாக்டருக்கும் அந்தத் தாள் ஒதவும். பிஎச்எம்எஸ்ங்கிற ஹோமியோ டாக்டர் படிப்பு படிச்சுப் பதிவு பண்ணுனவங்க கிட்டயே போங்க, மருந்து பேர எழுதி வாங்கிக்கோங்க. பேர் இல்லாத பொட்டலத்துல பொடி குடுத்து, ஒரே ராத்திரியில வலி பறந்து, ரெண்டு மாசத்துல முகம் உப்புச்சுன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கோன்னு சந்தேகப்படணும்.

பொதுவா நாலு உருண்டை, கைபடாம மூடியில தட்டி நாக்குல போட்டுச் சப்பணும், முன்னபின்ன அரை மணி நேரம் சாப்பாடு காப்பி கூடாதும்பாங்க. கற்பூரம் பக்கத்துல வைக்காதீங்கன்னு வேற சொன்னாவ, பலசரக்குக் கடைக்காரன் கிட்ட! மதர் டிஞ்சர்னு கரைச்சுக் கொறைக்காத மூல மருந்து மட்டும் வேற சங்கதி, அதுல நெசமாவே சாறும் ஆல்கஹாலும் இருக்கு, ஆர்னிகா டிஞ்சர புண்ணு மேல தடவாதீங்க.

மறைக்காம சொல்லிருதேன். டப்பாவுல 30-ன்னு போட்டிருக்கே, நூத்துல ஒரு பங்கா முப்பது தடவ கரைச்சதுன்னு அர்த்தம், பன்னெண்டு பதிமூணு தடவைக்கு மேல போனாலே மூல மருந்துல ஒரு அணு மிஞ்சுதது கஷ்டம். 2015-ல ஆஸ்திரேலியா அரசாங்க மருத்துவக் கவுன்சில் இருக்க ஆராய்ச்சியெல்லாம் அலசிப் பாத்துட்டு, எந்த வியாதிக்கும் இது கேக்கும்னு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டு. ஆக அந்த மாத்திரை கெடுக்காது, ஆனா அத நம்பிக்கிட்டு நாளக் கடத்துனா அதுதான் கெடுக்கும்.

வீக்கம் சூடா செவந்து காய்ச்சலும் சேந்தா பர்சாவுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கலாம், சுகர் உள்ளவங்களுக்கு இன்னும் ஆபத்து, அன்னைக்கே ஆஸ்பத்திரி. கால ஊனவே முடியலன்னாலும் அப்படித்தான். ரெண்டு கையிலயும் விரல் மூட்டு வீங்கி காலையில அரை மணி நேரத்துக்கு மேல மடங்கலன்னா ஆமவாதமான்னு ரத்தம் டெஸ்ட் எடுக்கணும், சீக்கிரமா மருந்து ஆரம்பிச்சாதான் மூட்டு தப்பும். ராத்திரியில கால் கட்டைவிரல் திடீர்னு தெறிக்கிற மாதிரி வீங்குனா ரத்தத்துல யூரிக் ஆசிட் கூடிருக்கான்னு பாருங்க. காய்ச்சலோட மூட்டு வலின்னா டெங்கு, சிக்குன்குனியா இல்லன்னு தெரியுத வரைக்கும் மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போடாதீங்க, பாரசிட்டமால் போதும். ஏற்கனவே சாப்பிடுத மாத்திரைய ஹோமியோக்காக நீங்களா நிறுத்தாதீங்க.

மத்தபடி சாதா பர்சைட்டிஸுக்கு உரசல நிறுத்துததுதான் பெரிய வைத்தியம். ஐஸ துணியில சுத்தி கால் மணி நேரம், நாளைக்கு மூணு தடவ. முட்டி போடுறவங்க தடிச்ச பேடு கட்டிக்கோங்க, பீடி சுத்துறவங்க மெத்தை போட்டு உக்காந்து அரை மணிக்கொருக்க பைய எந்திரிச்சு நாலு நடை நடங்க. வீங்கினத வீட்டுல ஊசி வச்சுக் குத்தி தண்ணி எடுக்கவே எடுக்காதீங்க, அப்படித்தான் சீழ் பிடிக்கும்.

என் முழங்கை ஆறு வாரத்துல வத்திட்டு. மாத்திரையும் தின்னேன், அதே வாரத்துல கல்லா மேல பழைய தலையணைய மடிச்சுப் போட்டு, வெறும் கல்லாவுல முழங்கைய ஊனுததயும் விட்டேன், அதனால எது கேட்டுச்சுன்னு அண்ணாச்சிக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம்தான். மாத்திரை டப்பா தீந்து போச்சு, தலையணை மட்டும் கல்லா மேலயே கெடக்கு.