புரோப்பைக் கழற்ற முதல்: ஸ்கான் எடுக்கும்போது விடும் தவறுகள்

பழைய முதிரைக் கதவில் உள்ள பூ வேலையை வீட்டுச் சிஎன்சி மெசினால் (கணினி சொல்லும்படி ஓடும் வெட்டு மெசின்) ஸ்கான் பண்ணும்போது பாதியில் நின்றால், கை நேரே புரோப்பின், அதாவது மரத்தை ஊசியால் முட்டி முட்டி உயரம் அளக்கும் கருவியின், மூடிக்குத்தான் போகும். அதைச் செய்யாதீர்கள். உள்ளே சின்ன உருண்டைகளும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. தெறித்து மரத்தூளுக்குள் விழுந்தால் பிறகு தேட வேண்டியதுதான். பிழை அநேகமாக வெளியில்தான் இருக்கும்.

ஜிஆர்பிஎல் (மெசினை ஓட்டும் ஒரு மென்பொருள்) உள்ள மெசின் என்றால் அலாரம் இலக்கத்தைப் பாருங்கள். பலர் வாசிக்காமலே ரீசெட் அடிக்கிறார்கள். 5 என்றால் ஊசி சொன்ன தூரம் முழுக்க இறங்கியும் எதிலும் முட்டவில்லை. 4 என்றால் தொடங்க முன்னமே "முட்டிவிட்டது" என்று புரோப் சொல்கிறது. மூன்று கை வைத்த புரோப்புகளில் சுற்று வழமையாக மூடியே இருக்கும், முட்டினால்தான் திறக்கும். ஜிஆர்பிஎல் எதிர்பார்ப்பது இதற்கு மறுதலை; அதனால் புரோப் சைகையைப் புரட்டும் செற்றிங்கை $6=1 என்று மாற்ற வேண்டும். மெசினை ஓடவிடாமல் ஊசியை விரலால் மெல்லத் தள்ளுங்கள். திரையில் மெசினின் நிலையைக் காட்டும் வரியில் ‘பி’ (P) எழுத்து தள்ளும்போது வந்து, விட்டதும் போனால் சரி. வயரை ஆட்டும்போது வந்து வந்து போனால் வயர்தான் பிழை.

செற்றிங் சரி, வயரும் சரி, ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஸ்கான் நடுவில் அலாரம் 4 அடிக்கிறதா? தூசு புகுந்து ஊசி பழைய இடத்தில் போய்க் குந்தவில்லை. சோளகம் அடிக்கும் மாதங்களில் எங்கள் செம்மண் தூசு எங்கேதான் போகாது! கொம்பிரசரால் ஊதினால் இன்னும் உள்ளே போகும். மெல்லிய தூரிகை போதும்.

புரோப் ஸ்பிண்டிலில் (வெட்டும் அலகைச் சுற்றும் மோட்டர்) பூட்டியிருக்கும்போது ஸ்பிண்டில் பிளக்கைக் கழற்றாமல் விடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன். தவறிச் சுற்றினால் வயரும் போச்சு, ஊசியும் போச்சு.

அடுத்தது பேராசை. 100 மில்லிமீற்றர் சதுரத்தை 0.5 இடைவெளியில் எடுத்தால் 40,401 புள்ளிகள். ஒன்றுக்கு 2 செக்கன் என்றாலும் 22 மணித்தியாலத்துக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் அவ்வளவு நேரம் கரண்ட் நிற்குமா? 1 மில்லிமீற்றரில், கீலம் கீலமாகப் பிரித்து எடுத்துச் சேமியுங்கள். 2 மில்லிமீற்றர் உருண்டை முனை, அதைவிட ஒடுங்கிய பள்ளத்துக்குள் எப்படியும் இறங்காது. இடைவெளியை எவ்வளவு நெருக்கினாலும் அந்தக் கோடுகளை உளியால்தான் திருத்த வேண்டும்.