பாட்டுக்குள் பெயர் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

தருமபுரியில் ஞாயிறுதோறும் பழைய பாடல்களை வாசிக்கும் சிறு குழு எங்களுடையது. சென்ற மாதம் இரண்டு இளம் ஆசிரியர்கள் ஒரு தாளோடு ஓடி வந்தார்கள். ஒரு பாட்டின் வரிகளில் முதலெழுத்துக்களை மேலிருந்து கீழாகக் கூட்டினால் ஒரு பெயர் வருகிறதாம். அந்த முகங்களில் இருந்த மகிழ்ச்சி எனக்குப் பழக்கமானது. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே மகிழ்ச்சியில்தான் நான் பெரிய பிழை ஒன்றைச் செய்தேன். எழுத்தை விட்டுவிடுவது, எண்ணிக்கை தவறுவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வார்கள். அவற்றை இங்கே எழுதவில்லை.

அச்சில் மடங்கிய வரியை அடி என்று கொள்வது

எங்கள் வட்டாரத்து அம்மன் பதிகம் ஒன்று மலிவுப் பதிப்பில் கிடைத்தது. ஒவ்வொரு பாட்டும் எட்டு வரியாக அச்சாகியிருந்தது. அதில் ஒரு பாட்டின் மூன்றாம் வரியிலிருந்து சி, வ, கா, மி என்று முதலெழுத்துக்கள் வரிசையாக நின்றன. சிவகாமி! பாடியவரின் மனைவியா, மகளா என்று ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆராய்ந்தேன். கட்டுரை எழுதி, கைக்காசில் முந்நூறு படிகள் அச்சிட்டேன்.

முதல் படியைக் கொண்டுபோய் அரூர்ப் பக்கம் இருந்த முதிய புலவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் கட்டுரையைப் படிக்கவில்லை. பாட்டை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"தம்பி, இந்தப் பாட்டுக்கு அடி எத்தனை?"

"எட்டு, ஐயா."

"அறுசீர் விருத்தத்துக்கு எட்டு அடி எங்கிருந்து வந்தது?"

நான்கே அடி. அகலம் போதாத தாளில் ஒவ்வோர் அடியையும் அச்சகத்தார் இரண்டாக மடக்கியிருந்தார்கள். பாட்டின் ஓசை அலகுகளான சீர்களைப் பிரித்து நான்கு அடியாக எழுதிப் பார்த்தபோது, சியும் காவும் மட்டும் அடி முதலில் நின்றன. வவும் மியும் அடியின் நடுவுக்குப் போய்விட்டன. என் சிவகாமியை உண்டாக்கியவர் புலவர் அல்லர், எழுத்துக் கோத்தவர்.

இன்றும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். "தோடுடைய செவியன் விடையேறியோர் தூவெண் மதிசூடி" என்பது சம்பந்தர் பாட்டில் ஒரே அடி. சிறிய புத்தகத்தில் "தூவெண்" அடுத்த வரிக்கு இறங்கும். தோவுக்கு மோனையாக நிற்கும் அந்தத் தூவை வேறோர் அடியின் தொடக்கமாக எண்ணிக் கூட்டினால் வருவதெல்லாம் பொய். ஏட்டுச் சுவடியிலோ அடிக்கு ஒரு வரி என்பதே கிடையாது. ஓலை முடியும்வரை எழுத்து ஓடும். அடியைக் காட்டுவது யாப்பு. ஆகவே முதலில் சீர் பிரியுங்கள், சீரோடு சீர் சேரும் தளையைப் பாருங்கள், எதுகை எங்கே விழுகிறது என்று கேளுங்கள். அதன்பிறகு எழுத்தைக் கூட்டலாம்.

சொல்லுக்கு முதலில் வாராத எழுத்தைத் தேடுவது

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை பழந்தமிழில் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. கம்பரும் இராமன், இலக்குவன் என்றே எழுதினார். புள்ளி எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. அப்படியிருக்க, தகடூர் மன்னன் "அதியமான்" பெயரை அடிமுதல் எழுத்துக்களில் தேடினால் ன் எங்கே கிடைக்கும்? அவனுடைய இன்னொரு பெயரான "அஞ்சி" என்று தேடினாலும் ஞ் கிடைக்காது. நம் புலவர்கள் வேறு வழிகளில் மறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் காதைகரப்பில், பாட்டின் கடைசிச் சொல்லின் முதலெழுத்தில் தொடங்கி, ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகப் பின்னோக்கிப் படித்தால் வேறொரு பாட்டு வரும். மாலைமாற்றில் பின்னிருந்து படித்தாலும் அதே பாட்டு. அடிமுதல் எழுத்து ஒழுங்கை நேராகப் பார்க்க விரும்பினால் ஆத்திசூடி இருக்கிறது: அறம், ஆறுவது, இயல்வது, ஈவது. அங்கே ஒளிவு இல்லை. பிள்ளைகள் மனத்தில் நிற்க வைத்த அகரவரிசை.

அந்தாதியை மறைபொருள் என்பது

ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கமாக வைக்கும் அந்தாதி காதில் விழவே தொடுக்கப்பட்டது. அதில் ஒளித்து வைத்தது எதுவும் இல்லை.

ஓரெழுத்துச் சொற்களில் மயங்குவது

அந்த இரு ஆசிரியர்கள் கொண்டுவந்தது புறநானூற்று 91ஆம் பாட்டு. அதியமானுக்கு நெல்லிக்கனிக்காக ஔவை பாடியது. மூன்றாம் அடியிலிருந்து பாருங்கள்: "ஆர்கலி நறவின்", "போரடு திருவின்", "பால்புரை பிறைநுதல்", "நீல மணிமிடற்று". ஆ, போ, பா, நீ. போபா என்றொரு பெயரை அவர்கள் இதற்குள் உருட்டியிருந்தார்கள். நான்கும் தனித்தனியே பொருளுள்ள சொற்கள் என்பதே அவர்களை மயக்கியது. நன்னூல் நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளைச் சொல்கிறது. எந்த நான்கு நெடிலைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு வாக்கியம் கேட்பதுபோல் இருக்கும். அதே பாட்டின் மற்ற அடிகளில் வ, க, ம, பெ, சி என்று வருவதை அவர்கள் தாளில் எழுதவே இல்லை. பதினோர் அடியையும் எழுதச் சொன்னேன். எழுதி முடித்தபின் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, "சாதல் நீங்க எமக்கு ஈந்தனையே" என்ற கடைசி அடியை இருவரும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்கள்.