52-ல் 27 போனால் 35: தொடக்கப் பள்ளியில் மதிப்பீடு செய்வது எப்படி?

ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு பக்கம் வேலைக்கு வந்த முதல் வருடம், மூன்றாம் வகுப்பில் ஒரு கணக்கு கொடுத்தேன். "ராணியிடம் 53 பூக்கள் இருந்தன. 27 பூக்களைத் தொடுத்துவிட்டாள். மீதி எத்தனை?" கடைசி வரிசையில் ஒரு பையன் சிலேட்டில் ஒன்றுமே எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கழித்தல் வரவில்லை என்று நோட்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். மதியம் தட்டு கழுவும் இடத்தில் அதே பையன் இன்னொருவனிடம் தெலுங்கில் கோலிக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கிறான்: 34 கோலி கொண்டுவந்தானாம், 8 தோற்றானாம், கையில் 26 இருக்கிறதாம். விரலைக்கூட மடக்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. நாம் 'மீதி' என்று சொல்வது தெலுங்கு காதில் 'உங்களுடையது' என்று விழும். "உங்களுடையது எத்தனை" என்று டீச்சர் கேட்டால் பிள்ளை என்னதான் எழுதுவான்? நான் போட்ட பெருக்கல் குறி என் தமிழுக்கு விழ வேண்டியது, அவன் கணக்குக்கு விழுந்துவிட்டது.

திருத்தணி, பள்ளிப்பட்டு எல்லாம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். கோடு மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. நகரிக்கு பஸ் ஏறினால் பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு எல்லாம் அங்கே. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று வாழும் பிள்ளைகள் நிறைய. அதனால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள், பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: தப்பு என்று குறி போடுவதற்கு முன்னால் எங்கே தப்பு என்று பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு பெயர்கள். பாடம் நடக்கும்போதே பார்த்து, நாளைக்கு என்ன நடத்துவது என்று முடிவெடுப்பது வளரறி மதிப்பீடு. பருவம் முடிந்தபின் என்ன வந்தது என்று கணக்குப் பார்ப்பது தொகுத்தறி மதிப்பீடு. இந்தப் பிரிவை 1967-ல் மைக்கேல் ஸ்க்ரிவன் என்பவர் எழுதினார். நம் ஊரில் 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 என்று மதிப்பெண் பிரித்தார்கள். மதிப்பெண் பதிவது தனி வேலை, அதை விட்டுவிடுங்கள். நான் சொல்லப்போவது வளரறியின் அன்றாட வேலை.

படி 1: ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள்

"கழித்தல் தெரிகிறதா" என்று பார்க்கப் போனால் ஒன்றும் கிடைக்காது. "ஈரிலக்க எண்ணில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா" என்று கேட்டால் கிடைக்கும். புத்தகத்தில் இதை இனமாற்றம் என்பார்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று போதும்.

படி 2: தனித்தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்

ஜூன் மாதத்திலேயே செய்துவிட வேண்டிய வேலை இது. பிரதம் அமைப்பு 2005-லிருந்து நடத்தும் அசர் ஆய்வில் கிராமத்துப் பிள்ளைகளை வீட்டிலேயே பார்த்து வாசிக்க வைப்பார்கள்: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கொஞ்சம் நீளமான கதை என்று நான்கு நிலை. அதையே நீங்களும் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள், 30 பேர் என்றால் ஆறே நாள். வராந்தாவில் வைத்துச் செய்யுங்கள், வகுப்புக்குள் வேண்டாம். மற்ற பிள்ளைகள் முன்னால் திக்கித் திணறினால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்கள். பத்தியை வாசித்து முடித்ததும் "இதில் யார் சந்தைக்குப் போனார்கள்?" என்று ஒரு கேள்வியாவது கேட்டுவிடுங்கள். கடகடவென்று வாசித்துவிட்டு ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாத பிள்ளைகள் நம் பக்கம் உண்டு.

படி 3: எல்லோரும் ஒரே நேரத்தில் சிலேட்டைத் தூக்கட்டும்

"யாருக்குத் தெரியும், கை தூக்குங்கள்" என்றால் தினமும் அதே நான்கு கைகள்தான். கேள்வியைச் சொல்லி, எழுத நேரம் கொடுத்து, "தூக்கு" என்றதும் 30 சிலேட்டும் மேலே வர வேண்டும். பத்து நொடியில் வகுப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். வாய்க்கேள்வி கேட்டால் கேட்டவுடன் பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது ஒரு நொடி அளவுதான் என்று கண்டார். மூன்று நொடி காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது. தெலுங்கில் யோசித்துத் தமிழில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு ஐந்து நொடிகூடக் கொடுக்கலாம். அந்த ஐந்து நொடி நமக்குத்தான் ஐந்து நிமிடம் போல இருக்கும், பழகிவிடும்.

படி 4: தப்பான விடையைப் படியுங்கள்

எனக்குப் பிடித்த இடம் இது, அதனால் கொஞ்சம் நிற்கிறேன்.

52 – 27 போட்டீர்கள். சரியான விடை 25. சிலேட்டில் 35 என்று ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். ஏன்? ஒரு பிள்ளை 2-ல் 7 போகாது என்று பார்த்துவிட்டு, திருப்பி 7-ல் 2 போக 5 என்று போட்டிருக்கும். இன்னொரு பிள்ளை கடன் வாங்கி 12-ல் 7 போக 5 என்று ஒழுங்காகப் போட்டுவிட்டு, பத்துகள் இடத்தில் 5-ஐ 4 ஆக்க மறந்து 3 என்று எழுதியிருக்கும். இரண்டு பேருக்கும் வந்தது 35. முதல் பிள்ளைக்குக் கடன் வாங்குவது என்றால் என்னவென்றே தெரியாது, அதற்குப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு முக்கால்வாசி தெரியும், கடன் கொடுத்த எண்ணை அடித்துவிட்டுக் குறைத்து எழுதப் பழக்கினால் போதும். ஆறு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து மறுபடி ஆரம்பத்திலிருந்து நடத்தினால் பாதிப் பேருக்குக் கொட்டாவிதான்.

பிசகு கேள்வியில் இருக்கிறது. ஒன்றுகள் இடத்தில் இருக்கும் இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 5 என்றால் (இங்கே 2, 7) இரண்டு தப்பும் ஒரே விடையில் போய் முடியும். அதையே 53 – 27 என்று மாற்றிப் பாருங்கள். சரியான விடை 26. திருப்பிக் கழித்த பிள்ளை 34 என்று எழுதும், குறைக்க மறந்த பிள்ளை 36 என்று எழுதும், கூட்டிவிட்ட பிள்ளை 80 என்று எழுதும். சிலேட்டைத் தூக்கியதுமே யாருக்கு என்ன என்று தெரிந்துவிடுகிறது. இது எனக்குப் புரியவே மூன்று வருடம் ஆனது, யாரும் சொல்லித் தரவில்லை.

25, 27 என்று ஒன்று கூடக் குறைய வந்தால் எண்ணுவதில் தவறியது, பெரிய விஷயம் இல்லை.

படி 5: மொழியையும் கணக்கையும் பிரித்துப் பாருங்கள்

வாய்ப்பாட்டுக் கணக்கு வரும் பிள்ளைக்குக் கதைக்கணக்கு வரவில்லை என்றால் மூன்று விதமாகக் கேட்டுப் பாருங்கள். முதலில் கதையைத் தமிழில் சொல்லுங்கள். வரவில்லையா, அதே கதையைத் தெலுங்கில் சொல்லி "என்னி மிகிலாயி?" என்று கேளுங்கள். அதுவும் வரவில்லையா, வெறும் எண்ணாக 53 – 27 என்று எழுதிக் காட்டுங்கள். எந்த இடத்தில் விடை வருகிறதோ அதற்கு முந்தின இடத்தில்தான் சிக்கல். தெலுங்கில் கேட்டதும் வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு நடத்தாதீர்கள், 'மீதி', 'கூடுதல்', 'குறைவு' என்ற மூன்று சொற்களைப் பழக்குங்கள். உங்களுக்குத் தெலுங்கு வராதா, மேல் வகுப்பில் இருக்கும் அதன் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பதிலை மட்டும் அக்கா சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது ஒரு பெரிய வேலை.

"பள்ளியில் தமிழ் மட்டும்தான் பேச வேண்டும்" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவைக் காட்டுங்கள். இயன்றவரை தாய்மொழியில் கற்பிப்பது, தொடர்ந்து மதிப்பிடுவது இரண்டும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. நான் தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. தமிழ் தெரியாததைக் கணக்கு தெரியாதது என்று எழுதி வைக்காதீர்கள் என்கிறேன்.

ஒன்றாம் வகுப்பில் இன்னொரு கூத்து. "புத்தகத்தை மூடு" என்றேன், ஒரு குட்டி மூன்று விரலைக் காட்டியது. தெலுங்கில் மூடு என்றால் மூன்று. அன்றைக்குப் புத்தகத்தை யாரும் மூடவில்லை.

படி 6: நோட்டில் கொஞ்சமாக எழுதுங்கள்

பெயர், தேதி, குறி. தனியாக வந்தால் டிக், உதவியோடு வந்தால் புள்ளி, வரவில்லை என்றால் வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் 'தி' (திருப்பிக் கழித்தது), 'ம' (குறைக்க மறந்தது), 'மொ' (மொழி) என்று ஒரே எழுத்து. இவ்வளவுதான். செயலியில் பதிவேற்ற வேண்டியதைத் தனியாகப் பதிவேற்றிக்கொள்ளுங்கள். அது மேலே இருப்பவர்களுக்கு, இந்த நோட்டு உங்களுக்கு.

மறுநாள் இந்த எழுத்தை வைத்துத்தான் குழு பிரிப்பு. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் எட்டிய நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பது தெரியும். ஆனால் ஒரு பிள்ளை தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். எல்லாப் பாடத்துக்கும் ஒரே இடத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

படி 7: வீட்டுக்குச் சொல்லுங்கள்

தறி ஓட்டும் அப்பாவிடம் "உங்கள் பையன் 40-க்கு 22" என்று சொன்னால் "ரெண்டு அடி போடுங்க டீச்சர்" என்பார். "கணக்கு நன்றாக வருகிறது, தமிழில் கேட்டால்தான் தடுமாறுகிறான், ராத்திரி ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்" என்று சொன்னால் அவருக்கும் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

பத்து நாள் கழித்து எண்ணை மாற்றி அதே வகைக் கணக்கை மறுபடி போடுங்கள். 62 – 38 எடுத்துக்கொள்ளலாம். 24 வந்தால் சரி. 36 என்றால் திருப்பிக் கழித்திருக்கிறது, 34 என்றால் குறைக்க மறந்திருக்கிறது. சிலேட்டு காலியாக இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து தெலுங்கில் கேளுங்கள்.