பல்பை வாங்கும் முன் மீட்டரை வையுங்கள்

போன மாதம் ஒரு தம்பி, தாத்தாவின் பழைய பிரீமியர் பத்மினி காரோடு புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் 100/90 வாட் (பிரைட்டில் 100, டிம்மில் 90) ஹெட்லைட் பல்பு இரண்டு. "அண்ணே, ராத்திரியில ரோடே தெரியல. இதைப் போட்டா சரியாயிடுமா?" பதினைந்து வருடத்துக்கு முன் நான் கேட்ட அதே கேள்வி. பழைய கார் ஹெட்லைட்டில் நாம் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்; கண்ணாடி துடைப்பது மாதிரி எல்லாருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

வாட்டைக் கூட்டுவது

என் வண்டியிலும் விளக்கு அகல் மாதிரிதான் எரிந்தது. 100/90 போட்டதும் ஃபியூஸ் போனது. மெக்கானிக் ஒருவர் ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டு, "இனிமே போகாது சார்" என்றார். போகவில்லைதான், வேறொன்று போனது. கடலூரில் கல்யாணம் முடிந்து திரும்பும்போது, கிருமாம்பாக்கம் அருகே பிளாஸ்டிக் கருகும் வாடை. அடுத்த நொடி ரோடு காணாமல் போனது. பின்சீட்டில் அம்மா முருகனைக் கூப்பிட, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். டிம், பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்ச் உருகி வழிந்திருந்தது. வயரின் உறை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த சுவிட்சுக்காக நான்கு மாதம் அலைந்தேன். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, மெக்கானிக் மேல் பாதி, என் மேல் பாதி.

கணக்கு எளிது. 60 வாட் பல்பு இரண்டுக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் போதும். 100 வாட் என்றால் கிட்டத்தட்ட 17. அவ்வளவும் பழைய வயர், பழைய சுவிட்ச் வழியாகத்தான் போகவேண்டும்.

அதைவிடக் கொடுமை, குறை பல்பில் இல்லவே இல்லை. பிறகு வோல்ட் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு முனையில் 11.4. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். எனக்குப் பாதி வெளிச்சம் வயரிலேயே கரைந்திருந்தது.

மருந்து, ரிலே: சின்ன கரண்டில் இயங்கி, பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் 30-ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேர் வயர், 87 பல்புக்கு, 86 பழைய சுவிட்ச் வயருக்கு, 85 எர்த்துக்கு, அதாவது வண்டியின் உடல் தகட்டுக்கு. பேட்டரியிலிருந்து பல்பு வரை 2.5 சதுர மி.மீ. வயர் போடுங்கள். ஃபியூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும். இனி சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயை 'டக்' என்று இழுக்கும் அளவு கரண்ட்தான்.

எர்த்தை மறப்பது

நம் ஊர் உப்புக்காற்றில் எர்த் போல்ட் ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிது. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளப்பான தகட்டில் முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

எச்4 பல்பை ராவி நுழைப்பது

பழைய 45/40 வாட் பல்பின் அடி வேறு, எச்4 என்ற ஹாலஜன் பல்பின் அடி வேறு. ராவி நுழைத்தால் இழை இடம் மாறி வெளிச்சம் மரத்து உச்சிக்குப் போகும். ரிஃப்ளெக்டரோடு மாற்றுங்கள்.

ஐரோப்பிய லென்ஸ்

ரோட்டின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்தது. எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும்.

எல்இடி

ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் வேண்டாம்.

தம்பி வண்டிக்கு ரிலே போட்டோம். தாத்தா காலத்து பல்புகளே சுவரை வெள்ளையாக்கின. புது பல்பு இரண்டையும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையாம்.