தொகுதி எல்லைக்கு ஆட்சேபம் எழுதும்போது நாம் செய்யும் தவறுகள்

திங்கட்கிழமை காலையில் தருமபுரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுப்பவன் நான். பட்டா மாறுதல், முதியோர் பென்சன், பாதை ஆக்கிரமிப்பு, இவைதான் அதிகம் வரும். இப்போது கூடவே இன்னொன்றும் வருகிறது. "தொகுதியைத் திரும்பப் பிரிக்கப் போறாங்களாமே, எங்க ஊரை அந்தப் பக்கம் தள்ளிடக் கூடாதுன்னு ஒரு மனு போடணும்ணா."

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். பேரன் எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பெறுநர்: மாவட்ட ஆட்சியர். முதல் வரி: "எங்கள் ஊர் நெடுங்காலமாகப் புறக்கணிக்கப்பட்டு வருகிறது." ஒன்றரைப் பக்கத்துக்கும் அதே வருத்தம்தான். வருத்தம் உண்மை. ஆனால் எல்லை வரைகிறவர்கள் பார்க்க வேண்டிய விஷயம் அதில் ஒரு வரிகூட இல்லை. அவரை உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசினோம். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் குழப்பம், இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கலக்குவது. தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. என்பது ஒரு கேள்வி. இருக்கிற தொகுதிகளுக்குள் கோடு எங்கே போகும் என்பது வேறு கேள்வி. முதலாவது மாநிலத்துக்கே பெரிய கவலை. 1961 கணக்கெடுப்புக்குப் பிறகு நமக்கிருந்த 41 மக்களவை இடங்கள் 39 ஆனதை 1967 தேர்தலில் பார்த்தோம். 1976-இல் அரசியலமைப்பின் 42-வது திருத்தம் எண்ணிக்கையை மாற்றாமல் நிறுத்தி வைத்தது. 2001-இல் நிறைவேறிய 84-வது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. இதெல்லாம் நாடாளுமன்றம் முடிவு செய்வது. கோடு வரைகிற எல்லை ஆணையத்துக்கு எழுதும் மனுவில் இதை எழுதினால் அந்தத் தாள் வீண். அங்கே பேச வேண்டியது இரண்டாவது கேள்வியை மட்டும்.

அந்த இரண்டாவது கேள்விக்கு எல்லை மறுவரையறைச் சட்டம், 2002-இன் 9-வது பிரிவில் பதில் இருக்கிறது. தொகுதி கூடுமானவரை ஒட்டுமொத்தமாக, கச்சிதமாக இருக்க வேண்டும். மலை, ஆறு போன்ற இயற்கை அமைப்பு, மாவட்டம் வட்டம் போன்ற நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் சௌகரியம் இவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் இருக்க வேண்டும். இத்தோடு, மாநிலம் முழுக்கத் தொகுதிக்குத் தொகுதி மக்கள்தொகை கூடியவரை சமமாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 170-வது பிரிவு சொல்கிறது. மொழி, சாதி, கட்சி, எம்.எல்.ஏ. நல்லவரா கெட்டவரா, எதுவும் 9-வது பிரிவின் பட்டியலில் இல்லை. தளி, ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஊர்கள் நிறைய. மொழியை மட்டும் சொல்லிக் கோடு மாற்றக் கேட்டால் அந்த வாதம் நிற்காது. பஸ் எந்த ஊர்ச் சந்தைக்குப் போகிறது, தாலுகா ஆபீஸ் எங்கே என்று கேட்டால் நிற்கும்.

மக்கள்தொகை என்றதும் பலர் வாக்காளர் பட்டியலைக் கொண்டு வருகிறார்கள். அது தப்பு. கணக்கு வாக்காளரை வைத்து இல்லை, கணக்கெடுப்பில் வந்த மொத்த ஜனத்தொகையை வைத்து. குழந்தைகளும் அதில் சேர்த்தி. சென்ற முறை, 2008 எல்லை ஆணையில், எப்படி வந்தது என்று போட்டுப் பாருங்கள். 2001-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 6.24 கோடி. 234 சட்டமன்றத் தொகுதியால் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சுமார் 2.67 லட்சம். தருமபுரி மாவட்டத்தில் 12.95 லட்சம் பேர், 4.86 தொகுதி வருகிறது, ஆகவே 5. கிருஷ்ணகிரியில் 15.61 லட்சம், 5.85, ஆகவே 6. பழைய தருமபுரி மாவட்டத்துக்கு இருந்தது மொத்தம் 10. அது 11 ஆனது இப்படித்தான். மொரப்பூரும் காவேரிப்பட்டணமும் பெயரே இல்லாமல் போயின. பாப்பிரெட்டிப்பட்டியும் ஊத்தங்கரையும் வேப்பனஹள்ளியும் வந்தன. "எங்க தொகுதியை அழிச்சிட்டாங்க" என்று இன்றும் மனசு பொறுக்காமல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபத்துக்குப் பின்னால் இந்த வகுத்தல் கணக்கு இருக்கிறது. அப்போது ஆணையம் சராசரியிலிருந்து 10 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று வைத்துக்கொண்டது. நாம் ஊரை மாற்றச் சொன்னால், மாற்றிய பிறகும் இரண்டு பக்கமும் அந்த வரம்புக்குள் நிற்கிறதா என்று நாமே கூட்டிக் காட்ட வேண்டும். நம்மில் யாரும் இதைச் செய்வதில்லை.

சரி, எண்ணிக்கை சமமாக இருந்தால் நியாயம் வந்துவிடுமா? வராது. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரே அளவு ஜனமுள்ள 15 ஊர்கள். 6 மலை மேல், 9 சமவெளியில். மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் 5 ஊர். மலை ஊர்களை இரண்டிரண்டாக மூன்றிலும் பிரித்துப் போட்டால் மலைக்காரர் சொல் எங்குமே எடுபடாது. ஐந்தை ஒன்றாக வைத்தால் ஓர் இடத்தில் எடுபடும். மூன்று மூன்றாக வைத்தால் இரண்டு இடத்தில். மூன்று வரைபடத்திலும் எண்ணிக்கை துல்லியமாகச் சமம். உடைத்துப் போடுவதும் ஒரே இடத்தில் அடைத்துப் போடுவதும் உலகம் முழுக்கத் தெரிந்த பழைய தந்திரம். அதைத் தடுக்கத்தான் சட்டம் இயற்கை அமைப்பையும் போக்குவரத்தையும் கூடவே வைத்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்புறத்துத் தவறும் உண்டு. வரைபடத்தில் கோணல்மாணலாக ஒரு தொகுதி தெரிந்தால் உடனே சதி என்று சொல்லிவிடுகிறோம். நம் நிலம் அப்படி. தருமபுரி மக்களவைத் தொகுதியில் சேலம் மாவட்டத்து மேட்டூர் இருக்கிறது. காரணம் எளிது. ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி வேண்டும், இந்த மாவட்டத்தில் ஐந்துதான். படத்தில் பார்த்தால் மேட்டூர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் தருமபுரிப் பக்கத்து நாகமரையிலிருந்து மேட்டூர்ப் பக்கம் எதிர்க்கரைப் பண்ணவாடிக்குப் போக அணைத் தண்ணீரில் படகு ஏற வேண்டும். படத்தில் தொட்டுக்கொண்டிருப்பது வேறு, கால் நடந்து போவது வேறு. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு ஓட்டு மிஷினைக் கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோனதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஊருக்கு ஆட்சேபம் எழுதும்போது "20 கிலோமீட்டர்" என்று எழுதாதீர்கள். பஸ் எதுவரை, அதற்குமேல் நடை எத்தனை மணி நேரம், மழைக்காலத்தில் எந்த ஓடை மறிக்கும் என்று எழுதுங்கள். மக்கள் சௌகரியம் என்று சட்டம் சொல்வதற்கு இதுதான் சாட்சி.

தனித்தொகுதி பற்றியும் தவறாகவே பேசுகிறோம். "இந்தத் தடவை பொதுவா மாத்துவாங்க, முறை வரும்" என்பார்கள். சுழற்சி முறை ஊராட்சி, நகராட்சி இடங்களுக்கு. சட்டமன்றத்துக்கு அந்த முறை கிடையாது. ஆதிதிராவிடர் தொகுதிகளை அவர்கள் விகிதம் ஒப்பீட்டளவில் கூடுதலாக உள்ள பகுதிகளில், மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவலாக வைக்க வேண்டும். அரூரும் ஊத்தங்கரையும் அப்படி வந்தவை. பழங்குடித் தொகுதி அவர்கள் விகிதம் மிக அதிகமாக உள்ள இடத்துக்குப் போகும். மாநிலத்துக்கே இரண்டுதான். அவை ஏற்காட்டுக்கும் சேந்தமங்கலத்துக்கும் போயின. நம் மாவட்டத்துச் சித்தேரி, வத்தல்மலை மக்கள் பழங்குடித் தொகுதி கேட்பது நியாயமான ஆசை. ஆனால் அந்த வாதத்தைச் சதவீதத்தோடு வைக்காமல் வேறு வழியில்லை.

பெரியவர் மனுவுக்கு வருகிறேன். "ஐயா, உங்க பட்டாவுல கிராமம்னு என்ன பேர் போட்டிருக்கு?" என்று கேட்டேன். மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். தாளில் எழுதியிருந்தது குக்கிராமத்தின் பெயர், பட்டாவில் இருந்தது வேறு பெயர். எல்லை ஆணை, பட்டாவில் இருக்கிற வருவாய் கிராமங்களைத்தான் பட்டியல் போடுகிறது. குக்கிராமப் பெயரை எழுதினால் எங்கே தேடுவார்கள்? வட்டத்தின் பெயரிலும் சிக்கல் உண்டு. 2008 ஆணையில் இருக்கிற வட்டங்கள் பழையவை. காரிமங்கலம், நல்லம்பள்ளி, சூளகிரி, அஞ்செட்டி எல்லாம் பின்னால் பிரிந்தவை. வட்டம் பிரிந்தால் தொகுதிக் கோடு தானாக நகராது. நிர்வாக எல்லைகளை ஒரு குறிப்பிட்ட தேதியில் இருந்தபடியே ஆணையம் எடுத்துக்கொள்ளும். போன முறை அந்தத் தேதி 2004 பிப்ரவரி 15. கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது அதே பிப்ரவரி 9. ஆறே நாள் முந்தியிருந்தது!

எல்லாவற்றையும்விட எனக்கு வயிறு எரிவது தாமதத்தைப் பார்த்துத்தான். ஆணையம் முதலில் வரைவை அரசிதழில் வெளியிடும். இணை உறுப்பினர்களாக இருக்கும் 5 எம்.பி., 5 எம்.எல்.ஏ.க்களில் யாராவது மாற்றுக் கருத்துக் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து வெளியிடும். அவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை, அதனால் நம் எம்.எல்.ஏ. பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்கக் கூடாது. பிறகு ஒரு தேதிக்குள் ஆட்சேபம் கேட்கும், பொது அமர்வு நடத்தும். அதற்குப் பின் வரும் இறுதி ஆணைக்குச் சட்டத்தின் பலம் உண்டு. கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், உஜ்ஜைன் தொகுதி பற்றிய மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் 1966-லேயே உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. 2024-இல் குஜராத் பர்தோலி வழக்கில், வெளிப்படையாகவே தன்னிச்சையான ஆணை என்றால் பார்க்கலாம் என்று கொஞ்சம் திறந்தது. அந்தச் சின்ன இடுக்கை நம்பி ஊரை விட முடியாது.

மனுவைத் திரும்ப எழுதினோம். பெறுநரை எல்லை ஆணையம் என்று மாற்றினோம். வருவாய் கிராமத்தின் பெயர், கணக்கெடுப்பு எண்ணிக்கை, பாலக்கோட்டுக்குப் போகிற டவுன் பஸ் எத்தனை நடை, ஊரைச் சேர்த்தால் இரண்டு தொகுதியிலும் வரும் கூட்டுத்தொகை, எல்லாம் ஒரு பக்கத்துக்குள் வந்தது. தேதியை மட்டும் எழுதவில்லை. "இப்ப கொடுக்கக் கூடாதா?" என்றார். வரைவு வரட்டும், அதில் உங்கள் ஊர் எந்த வரிசை எண்ணில் இருக்கிறதோ அதை இந்தக் காலி இடத்தில் நிரப்பிக் கொடுங்கள் என்றேன். பட்டாவோடு சேர்த்து மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.