எடிட்டரைத் திறக்கும் அந்த ஒரு தடவைக்கு மட்டும் சூழல் மாறியை மாற்ற

சூழல் மாறி என்பது நிரல் தொடங்கும்போது அதற்குக் கிடைக்கும் பெயரிட்ட ஒரு மதிப்பு. ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் ஒரே லினக்ஸ் கணக்கைப் பல பிள்ளைகள் மாறி மாறிப் பாவிக்கிற கணினி வகுப்புகளுக்கு, அதை ஒரு தடவைக்கு மட்டும் மாற்றும் இந்த முறை உதவும். அங்கே ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் கைவைத்தால் அடுத்து வந்து உட்காருபவருக்குத்தான் தொல்லை. மாற்றத்தைக் கட்டளைக்கு முன்னால் ஒட்டினால் போதும். எடிட்டரை மூடியதும் அதுவும் போய்விடும்.

அதிகம் வரும் சிக்கல், விம் என்ற எடிட்டரில் தமிழ் சிதறுவது. ‘க’ என்ற ஒரே எழுத்து யூடிஎஃப்-8இல் மூன்று பைட். லொகேல் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) வெறும் ‘சி’ ஆக இருந்தால் விம் அந்த மூன்றையும் தனித்தனிக் குறியாகக் காட்டும். முதலில் ‘லொகேல் -ஏ’ என்று தட்டி, கணினியில் என்னென்ன இருக்கிறதென்று பாருங்கள். பட்டியலில் சி.யூடிஎஃப்-8 இருந்தால்:

எல்சி_ஆல்=சி.யூடிஎஃப்-8 விம் கடிதம்

இங்கே உச்சரிப்பைத்தான் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்து. மாறியின் பெயர் முழுவதும் பெரிய எழுத்து. சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. விட்டால் ஷெல் மாறியின் பெயரையே கட்டளையென்று எண்ணித் தேடி, இல்லையென்று சொல்லும். மாறிக்கும் விம்முக்கும் நடுவில் அரைப்புள்ளி போடுவதும் பிழை: அப்போது அது தனிக் கட்டளையாகிவிடும். ஏற்கெனவே எக்ஸ்போர்ட் ஆகாத (மற்ற நிரல்களுக்குக் கொடுக்கப்படாத) மாறியென்றால் விம்முக்குப் போய்ச் சேராது, ஆகியிருந்தால் அந்த ஷெல் முழுவதும் மாறிவிடும்.

‘லாங்’ என்ற மொழி மாறியை மாற்றியும் பலனில்லை என்பவர்கள் வரிசையைக் கவனியுங்கள்: எல்சி_ஆல் முதலில், பிறகு எல்சி_சிடைப், கடைசியில்தான் லாங். மேலே உள்ளது இருந்தால் கீழே உள்ளதை யாரும் பார்ப்பதில்லை.

சரிபார்க்க, அதே வரியில் எக்கோ (அச்சிடும் கட்டளை) போட்டு டொலர் குறியுடன் மாறியை அச்சிட வேண்டாம். பழைய மதிப்புத்தான் வரும், ஏனென்றால் ஷெல் அதை முன்கூட்டியே விரித்துவிடுகிறது. விம்முக்குள் போய், முக்காற்புள்ளியோடு எக்கோ கேட்பதே நம்பகமானது.

சூடோ (நிர்வாகி உரிமையுடன் கட்டளையை இயக்குவது) பெரும்பாலான மாறிகளை உதறிவிடும். விம்இனிட் (விம்மின் தொடக்க அமைப்பு மாறி) போன்றதை அனுப்ப வேண்டுமானால் ‘சூடோ’வுக்குப் பின்னால் ‘என்வ்’ போட்டு, அதன் பிறகு மாறியை எழுதுங்கள். சிஷெல் என்ற வேறு வகை ஷெல்லிலும் இந்த ‘என்வ்’ வேலை செய்யும். அங்கே முன்னொட்டு முறை செல்லாது.

ஜிஎடிட் என்ற எடிட்டர் ஏற்கெனவே திறந்திருந்தால் புதுக் கட்டளை அந்தப் பழைய நிரலுக்கே கோப்பைக் கொடுத்துவிடும், உங்கள் மாறி எங்கும் போகாது. எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திறக்கலாம், அல்லது ‘--ஸ்டாண்டலோன்’ சேர்க்கலாம். ஈமாக்ஸ் கிளையண்டிலும் (பின்னணியில் ஓடும் ஈமாக்ஸ் எடிட்டர் சர்வரிடம் கோப்பைக் கொடுப்பது) இதே கதைதான்: சர்வரைத் தொடங்கியபோது இருந்த சூழல்தான் செல்லும், சர்வரையே நிறுத்தித் தொடங்க வேண்டும்.